ஆடாத மேசை ஒண்ணு வேணும்

போன செமஸ்டர் லீவுல நான் ஒரு மேசை செஞ்சேன். பி.காம் படிக்கிறவனுக்கு மேசை செய்யற வேலை எதுக்குடான்னு வீட்ல கேட்டாங்க. நீங்களும் கேப்பீங்க. அதுவும் சாப்பிடற மேசையோ படிக்கிற மேசையோ இல்ல, துப்பாக்கி சுடறதுக்கான மேசை. இப்ப பாதிப் பேர் பயந்திருப்பீங்க. பயப்படாதீங்க மக்களே, இது விளையாட்டுச் சமாச்சாரம்தான். கடைசி வரைக்கும் படிச்சா நான் ஏன் இவ்ளோ கத்தறேன்னு புரியும்.

முதல்ல கதை. என் பெரியப்பா பையன், எனக்கு அண்ணன். காலேஜ்ல என்.சி.சி.யில இருந்தவன். .22 ரைபிள்ல படுத்துச் சுடறதுல அவன்தான் அவங்க செட்லயே முதல். படிப்பு முடிச்சு வேலைக்குப் போன கொஞ்ச நாள்லயே ஒரு பைக் விபத்து. முதுகுத்தண்டுல அடி. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போயிடுச்சு. இப்ப வீல்சேர்.

ரெண்டு வருஷம் வீட்டை விட்டு வெளியவே வரல. அப்புறம் 2021-ல டோக்கியோ பாராலிம்பிக்ல அவனி லெகரா தங்கம் வாங்கினதை டி.வி.யில பாத்தான். அவங்களும் விபத்துல முதுகுத்தண்டுல அடிபட்டு வீல்சேருக்கு வந்தவங்கதான். அவங்களைத் துப்பாக்கி பக்கம் இழுத்ததுல அபினவ் பிந்த்ராவோட சுயசரிதைக்கும் பங்கு உண்டுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அண்ணன் அன்னிக்கு ராத்திரி என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி: "இங்க எங்கடா இதெல்லாம் கத்துக்கலாம்?"

தேடிப் பிடிச்சு ஒரு ரேஞ்சுக்குக் கூட்டிட்டுப் போனேன் (பேர் வேண்டாம், அவங்க கெட்டவங்க இல்ல). மேனாம்பேட்டுலேர்ந்து ஆட்டோவுல வீல்சேரை மடிச்சு வெச்சுக்கிட்டுப் போய் வர்றதே தனிப் பதிவுக்கான மேட்டர். அங்க இருந்தது கல்யாண மண்டபத்துல பந்தியில போடுவாங்களே, அந்த மாதிரி மடக்கு மேசை. அதுல முழங்கையை ஊன்றி சுடச் சொன்னாங்க. நாலு வாரம் போனான். பத்து குண்டு சுட்டா அட்டையில டீ கிளாஸ் வாய் அகலத்துக்குச் சிதறும். அஞ்சாவது வாரம் அங்க இருந்த ஒருத்தர் நல்ல மனசோடதான் சொன்னார், "தம்பி, உடம்புல கண்ட்ரோல் போயிடுச்சு, இனிமே இது உங்களுக்குச் சரிப்பட்டு வராது"ன்னு. அதோட விட்டுட்டான். ஒரு வருஷத்துக்கும் மேல அந்தப் பேச்சையே எடுக்கல.

என்னோட கருத்து இதுதான்: தப்பு அவன் உடம்புல இல்ல. மேசையில.

சும்மா பாசத்துல சொல்லல, கணக்கு இருக்கு. 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையில பத்துங்கற புள்ளியோட அகலம் வெறும் அரை மில்லிமீட்டர். ஒவ்வொரு வளையமும் ரெண்டரை மில்லிமீட்டர். இப்ப துப்பாக்கியைத் தாங்கற ரெண்டு இடத்துக்கு நடுவுல அரை மீட்டர் இருக்குன்னு வெச்சுக்கோங்க. முன்பக்கத் தாங்கல் 0.1 மில்லிமீட்டர், அதாவது ஒரு தாள் கனத்துக்கு நகர்ந்தா, 10 மீட்டர் தள்ளி குண்டு ரெண்டு மில்லிமீட்டர் விலகும். கிட்டத்தட்ட ஒரு வளையம் போச்சு. தாள் கனத்துக்கே இப்படின்னா, பந்தி மேசையில?

இங்க ஒரு விஷயம் தெளிவாச் சொல்லணும், ஏன்னா எனக்கே முதல்ல தெரியாது. பாரா ஷூட்டிங்ல வீல்சேர்ல இருக்கிறவங்க "நின்று சுடும்" போட்டியில நாற்காலியில உக்காந்துதான் சுடுவாங்க, ஆனா கை மேசையில படக்கூடாது. "படுத்துச் சுடும்" போட்டியில ரெண்டு முழங்கையும் மேசை மேல. "மண்டியிட்டுச் சுடும்" நிலையில ஒரு முழங்கை மட்டும். அதாவது மத்தவங்களுக்குத் தரை என்னவோ, இவங்களுக்கு மேசை அது. அவனி டோக்கியோவுல தங்கத்தோட ஒரு வெண்கலமும் வாங்கினாங்க, 50 மீட்டர் மூணு நிலைப் போட்டியில. அந்த மூணுல ரெண்டு நிலை மேசையை நம்பி நிக்கிறது. தரை ஆடினா யாராவது சுடுவாங்களா? பூகம்பம்னு ஓடுவாங்க. மேசை ஆடினா மட்டும் "உனக்கு வராது"ங்கறாங்க.

நாங்க பி.காம்.ல ஸ்டாண்டர்டு காஸ்டிங்னு ஒண்ணு படிப்போம். செலவு எதிர்பார்த்ததை விட எகிறிப் போச்சுன்னா உடனே தொழிலாளி தலையில போடக்கூடாது. பொருள் விலையால எவ்ளோ, பொருள் வீணானதால எவ்ளோ, வேலை நேரத்தால எவ்ளோன்னு பிரிச்சுப் பாக்கணும். அதுக்குப் பேர் வேரியன்ஸ் அனாலிசிஸ். அட்டையில குண்டு சிதறுறதும் அதே மாதிரிதான். துப்பாக்கியால கொஞ்சம், குண்டால கொஞ்சம், மேசையால கொஞ்சம், ஆளால கொஞ்சம். முதல் மூணையும் கழிக்காம மொத்தத்தையும் ஆள் கணக்குல எழுதறது எந்த ஊர் ஆடிட்டிங்?

அதனால மொதல்ல மேசையைத் தணிக்கை பண்ணினேன். முறை ரொம்ப சிம்பிள். சாவிக்கொத்துல வருமே லேசர் லைட்டு, அதை மேசை மேல டேப் போட்டு ஒட்டிட்டு, 10 மீட்டர் தள்ளி சுவத்துல புள்ளி எங்க விழுதுன்னு பென்சில்ல குறிச்சேன். அப்புறம் அண்ணன் முழங்கையை ஊன்றினான். புள்ளி நாலு சென்டிமீட்டர் இறங்கிடுச்சு. மூச்சு விட்டா ஏறுது, இழுத்தா இறங்குது. துப்பாக்கி மேசையில கட்டி வெச்சதில்ல, அதனால இந்த ஆட்டம் அப்படியே அட்டைக்குப் போகாது, ஒத்துக்கறேன். ஆனா ஊன்றின இடமே மிதக்கும்போது மனுஷன் எதைப் பிடிச்சுக்கிட்டு நிதானம் பண்ணுவான்?

சரி, புது மேசைக்கு வருவோம். என்ன வேணும்னு பட்டியல் போட்டோம். ஒண்ணு, ஆடக்கூடாது. ரெண்டு, வீல்சேர் உள்ள நுழையணும். மூணு, ரேஞ்ச்ல ஒரு லேன் ஒரு மீட்டர் அகலம்தான், அதுக்குள்ள அடங்கணும். நாலு, சாயங்காலம் கழட்டி எடுத்துட்டுப் போயிடணும்னு ரேஞ்ச்ல சொல்லிட்டாங்க, அதனால ஆட்டோவுல ஏறணும். முதல் ஒண்ணும் கடைசி ஒண்ணும் சண்டைக்கார மாமியார் மருமகள் மாதிரி. ஆடாம இருக்கணும்னா கனமா இருக்கணும், தூக்கணும்னா லேசா இருக்கணும்.

முதல் முடிவு: மூணு கால். நம்ம பாட்டிங்க வீட்ல முக்காலின்னு ஒண்ணு இருக்கும். நாற்காலி மேடுபள்ளத் தரையில தாளம் போடும், முக்காலி போடாது. மூணு புள்ளி எப்பவும் ஒரே தளத்துல இருக்கும், நாலாவதுதான் தகராறு பண்ணும். டிரைபாடுக்கு மூணு கால் வெச்சதும் இதுக்காகத்தான். ரேஞ்ச் தரை சிமெண்டு போட்டு உடைஞ்சு மறுபடி போட்ட தரை. நாலு கால் வெச்சா தினம் அட்டை மடிச்சுச் செருக வேண்டியதுதான்.

ரெண்டாவது, கால்கள் எந்தப் பக்கம்? ஆள் பக்கம் ஒரு கால் வெச்சா வீல்சேர் போய் முட்டும். அதனால ஆள் பக்கம் ரெண்டு கால் ரெண்டு ஓரத்துலயும், அட்டைப் பக்கம் நடுவுல ஒரு கால். முழங்கை ஊன்றற இடம் அந்த முக்கோணத்துக்குள்ள விழணும். இதுதான் உயிர்நாடி.

இங்கதான் நான் சொதப்பினேன். மேல்பலகையைச் சதுரமா வெட்டி வெச்சுட்டேன். எஸ்டேட் பக்கத்துல கிரில் பட்டறை வெச்சிருக்கிற அண்ணன் வெல்டிங் முடிச்சுக் குடுத்தார். வீட்டுக்குக் கொண்டு வந்து நிமிர்த்தி, பெருமையா முன்பக்க மூலையில ஒரு சொம்புத் தண்ணி வெச்சேன். சொம்பு, மேசை, என் மானம் எல்லாம் ஒண்ணாக் கவுந்துச்சு. முன்னாடி ஒரே கால்தானே, ரெண்டு மூலையும் முக்கோணத்துக்கு வெளிய அந்தரத்துல நிக்குது. அங்க எது வெச்சாலும் கவுக்கும். திரும்பிப் போனேன். அவர் சிரிச்சுட்டு, "தம்பி, கால் இல்லாத எடத்துல பலகை எதுக்கு? அறுத்துப் போடு"ன்னார். மூணு நாள் நான் வரைஞ்ச வரைபடத்துக்கு அவர் ஒரு வரியில திருத்தம் போட்டார். ஆள் பக்கம் 80 செ.மீ., அட்டைப் பக்கம் 30 செ.மீ., ஆழம் 70 செ.மீ.ன்னு முறம் மாதிரி ஆக்கினோம். ஆள் பக்கம் நடுவுல வயிறு உள்ள போற மாதிரி ஒரு வளைவு வெட்டு. கனமும் குறைஞ்சுது.

மூணாவது, பலகை கனம். 12 மி.மீ. பிளைவுட் போதும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் 18 மி.மீ.க்குப் போனேன். பலகை வளையாம நிக்கிற விறைப்பு, கனத்தோட மூணாம் படிக்கு ஏறும். ஒன்றரை மடங்கு கனம்னா ஒன்றரை மடங்கு விறைப்பு இல்ல, மூணு மடங்குக்கு மேல. அதாவது 3.375. விலையும் எடையும் ஏறுனது ஒன்றரை மடங்குக்குள்ளதான். இந்த மாதிரி லாபம் எந்த எஃப்.டி.யில கிடைக்கும் சொல்லுங்க?

நாலாவது, இதுதான் யாரும் சொல்லித் தராதது: ஆட்டம் காலுல இல்ல, மூட்டுல. கழட்டி மாட்டற கால்னா பைப்புக்குள்ள பைப்பு போகணும், அதுக்குக் கொஞ்சம் இடைவெளி விடணும். செருகற ஆழம் 5 செ.மீ., இடைவெளி அரை மி.மீ.ன்னா, 70 செ.மீ. கால் நுனியில அது 7 மி.மீ. ஆட்டமாகும். ஆழத்தை 15 செ.மீ. ஆக்கினா ரெண்டேகால் மி.மீ.க்கு வந்துடும். மிச்சத்தைக் கொல்றதுக்கு, வெளிப்பைப்புல ஒரு நட்டை வெல்டு பண்ணி, போல்ட்டை முறுக்கி உள்பைப்பை ஒரு பக்கமா நெருக்கிப் பிடிக்க வெச்சோம். கால்களைக் கொஞ்சம் வெளிய சாய்ச்சும் வெச்சோம். மேல பாரம் ஏறினா கால் இன்னும் வெளிய தள்ளப் பாக்கும், அதனால மூட்டு எப்பவும் ஒரே பக்கமா இறுகிக்கும். லேன் அகலத்துக்காகப் பக்கவாட்டுல அடிப்பக்கம் 95 செ.மீ.யோட நிறுத்திக்கிட்டோம். வீல்சேர் 62 செ.மீ., தாராளமா நுழையும்.

கால் அடியில ஒவ்வொரு போல்ட்டு. திருகினா கால் நீளும். ரசமட்டம் வெச்சுப் பாத்துச் சமன் பண்ணிக்கலாம். அடியில கெட்டி ரப்பர். மெத்துனு இருக்கிற ரப்பர் போட்டா மேசை ஸ்பிரிங் மாதிரி துள்ளும், அதையும் போட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.

மொத்த எடை 11 கிலோ சொச்சம். பலகை தனி, கால் தனி. ஒரு ஆள் ரெண்டு கையில தூக்கலாம். அப்ப ஆடாம இருக்கணுங்கற மாமியார்? அதுக்கு வழி தண்ணிக் கேன். காலியா எடுத்துட்டுப் போய், அங்க குழாயில பத்து லிட்டர் பிடிச்சு, பலகை நடுவுக்குக் கீழ தொங்கவிட்டா பத்து கிலோ கூடிடும். ஊஞ்சல் ஆடாம மூணு காலுக்கும் பட்டி போட்டு இழுத்துக் கட்டணும். வேலை முடிஞ்சதும் கொட்டிட்டு வந்துடலாம் (செடிக்கு ஊத்துங்க).

செலவுக் கணக்கு குடுக்கலேன்னா எங்க காஸ்டிங் சார் கோவிச்சுக்குவார். பிளைவுட் 900, பைப்பு 600, வெல்டிங் கூலி 1,000, போல்ட்டு நட்டு ரப்பர் 250, ஆட்டோ 150, என் முட்டாள்தனத்துக்கான மறுவேலை 400. மொத்தம் 3,300 ரூபாய். பெயிண்ட் வீட்டு ஜன்னலுக்கு அடிச்சது போக மிச்சம்.

லேசர் சோதனையை மறுபடி பண்ணினோம். நாலு சென்டிமீட்டர் இறங்கின புள்ளி இப்ப மூணு மில்லிமீட்டர். அண்ணன் ஒண்ணும் சொல்லல. சுவத்துல இருந்த பழைய பென்சில் குறியையும் புதுக் குறியையும் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ரேஞ்ச். முதல்ல மணல் மூட்டை வெச்சு துப்பாக்கியைச் சோதிச்சோம். ஸ்பிரிங் ஏர் ரைபிள் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: மேசை கெட்டியா இருக்குன்னு துப்பாக்கியை அதுல அமுக்கிப் பிடிக்காதீங்க. உள்ள இருக்கிற பிஸ்டன் முன்னாடி ஓடும்போது துப்பாக்கி பின்னாடி உதைக்கும், பிஸ்டன் போய் முட்டினதும் முன்னாடி உதைக்கும், இது ரெண்டும் குண்டு குழலை விட்டு வெளிய போறதுக்குள்ள ஆரம்பிச்சுடும். தளர்வா, தினம் ஒரே மாதிரி பிடிச்சாத்தான் குண்டு ஒரே இடத்துல விழும். அப்புறம் மூட்டையை எடுத்துட்டு ரெண்டு முழங்கையும் ஊன்றி அண்ணன் பத்து குண்டு சுட்டான். டீ கிளாஸ் அகலம் ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு வந்துடுச்சு. இது ஒண்ணும் சாதனை இல்ல, போட்டிக்குப் போறவங்க காசு அகலத்தைப் பாத்துச் சிரிப்பாங்க. ஆனா இப்ப அட்டையில இருக்கிற தப்பு அவனோடது. அவனோடதுன்னா அவனால திருத்த முடியும். வித்தியாசம் அதுதான்.

எதிர்ப்பேச்சு ரெண்டு வந்துச்சு. ஒண்ணு, "மேசையில ஊன்றிச் சுடறது ஒரு சுடுதலா?"ன்னு. தரையில படுத்து ரெண்டு முழங்கையையும் ஊன்றிச் சுடறது சுடுதல்னா இதுவும் சுடுதல்தான். இன்னொண்ணு, "துப்பாக்கி எல்லாம் நமக்கெதுக்கு, வம்பு"ன்னு. 20 ஜூலுக்குக் கீழ ஆற்றல் இருக்கிற 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு நம்ம சட்டத்துல லைசன்ஸ் கூட வேண்டாம். அதுக்காக மொட்டை மாடியில வெச்சு காக்கா சுடற வேலைக்கு நான் வரல. பின்னாடி குண்டு தாங்கற சுவர் இருக்கிற ரேஞ்ச்ல மட்டும்தான் இந்த மேசை விரியும். தூக்கிட்டுப் போற மாதிரி செஞ்சதே அதுக்குத்தான்.

ககன் நாரங் பொறந்தது சென்னையில. இளவேனில் வாலறிவன் பொறந்தது கடலூர்ல. ரெண்டு பேரும் வளந்தது வேற ஊர்ல. அதை எல்லாம் பெருமையாச் சொல்லிக்கிறோம், சொல்லட்டும். ஆனா ஒரு ரேஞ்சோ காலேஜோ புதுத் துப்பாக்கி வாங்கும்போது லட்சத்துல பேசறாங்க, அதுல ஒரு சின்னத் துண்டு செலவுல ஒரு ஆடாத மேசை வெச்சா வீல்சேர்ல வர்ற முதல் பையனோ பொண்ணோ வாசல்லயே திரும்பிப் போக வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்ல ராக்கெட்டுக்குப் பாகம் கேட்டாலும் கடைஞ்சு குடுக்கிற லேத்துப் பட்டறைங்க இருக்கு. மூணு கால் வெல்டு பண்ண ஆள் இல்லாம இல்ல. கேக்கற ஆள்தான் இல்ல.

எல்லாருக்கும் மெடல் வரும்னு நான் சொல்ல வரல. அண்ணனுக்கே வருமா தெரியாது. "உனக்கு வராது"ன்னு ஒருத்தர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி, அவர் கை ஊன்றின மேசையை ஒருதரம் ஆட்டிப் பாருங்க. அவ்ளோதான் என் கோரிக்கை.

டிஸ்கி: அளவு, வரைபடம் வேணுங்கறவங்க தாராளமாக் கேளுங்க, காசெல்லாம் வேண்டாம். ஆனா சதுரப் பலகை வெட்டி, மூலையில சொம்பு வெச்சுட்டு என்னைத் திட்டக்கூடாது. அந்தத் தப்புக்கான 400 ரூபாயை நானே கட்டிட்டேன்.